பொன்மணியைக் கூப்பிடும் எழுத்து

உச்சிமாகாளிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கரிவலம்வந்தநல்லூரில் அவன் வீட்டுப் பரணில் பள்ளிக்கூட நாளில் ஓட்டிய சைக்கிளின் செயின் இன்னும் கிடக்கிறது. சார்ஜ் ஏறாத செல்போன்கள், மூடி தொலைந்த பேனாக்கள், எந்தக் கதவுக்கும் சேராத சாவிகள் எல்லாம் அதே பரணில் குடியிருக்கின்றன. "இவனுக்குப் பொண்ணு குடுக்கவன் கூடவே ஒரு பழைய இரும்புக் கடையும் சேத்துக் குடுக்கணும்" என்பாள் அவன் அம்மா கோமதியம்மாள். அப்பேர்ப்பட்டவன் கையால்தான் அந்த எழுத்து அழிந்தது. விதி, கிரகம் என்றெல்லாம் சொல்லித் தப்பிப்பதில் அர்த்தமில்லை. அவசரம், அவ்வளவுதான்.

கொரோனாவில் சென்னைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோது லேப்டாப்போடு ஊர் வந்தவன் அவன். ஒரு வருஷத்தில் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலையையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு சங்கரன்கோவிலில் முகம்மது அர்ஷத் நடத்தும் சின்ன சாப்ட்வேர் ஆபீசில் சேர்ந்தான். ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. முதலாளியையும் சேர்த்து மூன்று நாற்காலி. "சங்கரன்கோவில்ல சாப்ட்வேர் கம்பெனியா?" என்று யாராவது சிரித்தால், "ஏன், இங்கன கரண்டு இல்லையா?" என்று அர்ஷத் கேட்பார். பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கு பில் போடுவது, பள்ளிக்கூடத்துக்கு பீஸ் கணக்கு என்று பிழைப்பு ஓடியது. அதோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டோக்கன் போர்டும் அவர்கள் பொறுப்பு.

அந்த போர்டில்தான் கதை இருக்கிறது.

காத்திருக்கிற கூடத்தில், சுவரில், சிவப்புப் பொட்டு விளக்குகளால் ஆன போர்டு. மேலே டோக்கன் நம்பர் வரும், கீழே நோயாளியின் பெயர் வரும். வாங்கியபோது அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். விற்றவன் கொடுத்த தமிழோ கொடுமை; கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து இன்னொரு பக்கம் நிற்கும். ஊசி போட வந்தவர்கள் தங்கள் பெயரைப் பார்த்து யாரோ என்று உட்கார்ந்திருந்தார்கள். உச்சிமாகாளி உடனே கூப்பிட்டது அருண்பாண்டியனை.

அருண் அவனோடு காலேஜில் ஒரே ரூமில் படித்தவன். சொந்த ஊர் புளியங்குடி, வேலை பெங்களூரில். தீபாவளி லீவுக்கு வந்தவன் வெடி வாங்கக்கூடப் போகாமல் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தப் பொட்டு எரிய வேண்டும், எது எரியக் கூடாது என்று தானே முடிவு செய்து, தமிழ் எழுத்து முழுவதையும் வரைந்தான். முதலில் வரைந்தது அவன் அம்மா பெயரில் இருக்கும் எழுத்துகளை. அத்தனையையும் ஒரு பேக்கேஜாகக் கட்டித் தன்னுடைய சொந்த வெப்சைட்டில் போட்டான். பேக்கேஜுக்கு வைத்த பெயரும் அம்மா பெயர்தான், பொன்மணி.

"ஏலே, ஊர்ல அவனவன் காதலி பேரை வைக்கான், நீ என்னன்னா அம்மா பேரை வச்சிருக்க" என்று உச்சிமாகாளி கேலி செய்தான்.

"காதலி அமையட்டும் மாப்ள, அடுத்த வெர்ஷனுக்கு வச்சிருவோம்" என்றான் அருண்.

அடுத்த வெர்ஷன் வரவில்லை. பெங்களூரில் காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். கண் மஞ்சளான பிறகுதான் கூட இருந்தவர்கள் பயந்துபோய் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். காமாலை முற்றி ஈரலைத் தின்றிருந்தது. அந்தச் சித்திரை முடிவதற்குள் அருண்பாண்டியன் இல்லை. உச்சிமாகாளி பாடை தூக்கினான், வீட்டுக்கு வந்து குளித்தான், அடுத்த நாள் வேலைக்குப் போனான். வேறு என்ன செய்ய முடியும்?

பொன்மணிக்கு அவன் ஒரே பிள்ளை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். எலுமிச்சை மார்க்கெட்டில் பழம் தரம் பிரித்துத்தான் அவனை இன்ஜினியர் ஆக்கினாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. புளியங்குடியில் டாக்டர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, ஆனாலும் மாத்திரை தீரும்போதெல்லாம் பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்குத்தான் வருவாள். பதிவு செய்துவிட்டு, போர்டு நேராகத் தெரிகிற பெஞ்சில் உட்காருவாள். பெயர் வரும், எழுந்திருக்க மாட்டாள். நர்ஸ் சண்முகசுந்தரி இன்னொரு தடவை பட்டனை அமுக்க வேண்டும். இரண்டாவது தடவையும் பெயரை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பாள்.

ஆரம்பத்தில் சண்முகசுந்தரிக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, உங்க பேருதான வந்துருக்கு, கண்ணு தெரியலயா?"

"தெரியுது தாயி. எம்மவன்லா கூப்பிடுதான். ஒரே கூப்பாட்டுல எந்திரிச்சிட்டா எப்படி? சோறு திங்க அவனை நான் எத்தன மட்டம் கூப்பிட்டிருக்கேன், ஒரு மட்டத்துல வந்திருக்கானா?"

விஷயம் தெரிந்த பிறகு சண்முகசுந்தரி வாயே திறப்பதில்லை. பொன்மணி டோக்கனுக்கு மட்டும் அவளாகவே இரண்டு தடவை அமுக்கிவிடுவாள். பின்னால் வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுத்தால் அவர்களுக்குத்தான் திட்டு விழும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. போர்டுகள் பெருகின. மருந்து கொடுக்கிற இடத்துக்கு ஒன்று, ரத்தம் எடுக்கிற இடத்துக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஓட்டுவது போர்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற, சோப்பு டப்பா அளவு கம்ப்யூட்டர். அதன் மெமரி கார்டு நிரம்பி வழிந்தது. போர்டு திடீர் திடீரென்று உறைந்து நின்றது. ஒருநாள் காலை முழுக்க ஒரே ஆளின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்ததில் ஆஸ்பத்திரியில் சண்டையே வந்துவிட்டது. அர்ஷத் சொன்னார்: "உச்சி, பேசாம பி.என்.பி.எம்.முக்கு மாத்திருவே. இடம் மிச்சமாகும்."

இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: எந்த சாப்ட்வேரையும் யாரும் முழுசாகத் தானே எழுதுவதில்லை. கல்யாணச் சமையலுக்கு யாரும் நெல் விதைத்துக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அதைப் போல ஊர் உலகத்தில் மற்றவர்கள் எழுதி வைத்த பேக்கேஜ்களை வாங்கிப் போட்டுத்தான் சமைப்பார்கள். எது, எந்த வெர்ஷன், எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். லாக் ஃபைல் என்பது அதுதான். அரிசி என்று மட்டும் எழுதாமல், இன்ன மில், இன்ன ரகம், இன்ன கடை என்று கறாராக எழுதித் தருகிற சமையல்காரரின் சீட்டு மாதிரி. பேருக்குப் பேர் கைரேகை மாதிரி ஒரு நீண்ட குறியும் அதில் இருக்கும். மாற்றுச் சரக்கு வந்தால் ரேகை சேராது, உள்ளே விடாது. சரக்கைக் கொண்டுவந்து அடுக்குகிற ஆள்தான் பேக்கேஜ் மேனேஜர். இதுவரை இருந்த என்.பி.எம். நாலு போர்டுக்கும் நாலு மூட்டை தனித்தனியாக இறக்கி வைத்திருந்தது. புதிய ஆளான பி.என்.பி.எம். ஒரே மூட்டையை வைத்து நாலு அடுப்புக்கும் படியளக்கும். பழைய ஆள் கையிலிருந்த சீட்டைப் புதிய ஆளுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முறை என்னவென்றால், சீட்டை மாற்றி, சரக்கு ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, பிறகுதான் பழைய மூட்டையைக் காலி செய்ய வேண்டும். உச்சிமாகாளிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கார்டில் புதுச் சரக்கு இறக்க இடமே இல்லை. திங்கட்கிழமை வேறு; கொஞ்ச நேரத்தில் கூடம் நிரம்பிவிடும். தவிர, அவன் தொழிலில் எல்லா நோய்க்கும் ஒரு பாட்டி வைத்தியம் உண்டு: இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கு. ஆயிரம் தடவை செய்திருக்கிறான், ஆயிரம் தடவையும் பலித்திருக்கிறது. போர்டை நிறுத்தினான். நாலு மூட்டையையும் அழித்தான். ஒதுக்கி வைத்திருந்த பழைய பிரதிகளையும் துடைத்தான். பிறகு புதிய ஆளைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தான்.

எல்லாம் கடகடவென்று வந்து இறங்கின. ஒன்று மட்டும் வரவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி: அந்த விலாசத்தில் அப்படி ஒன்று இல்லை.

அருணுடைய வெப்சைட். அவன் போன பிறகு அதற்கு யார் பணம் கட்டியிருப்பார்கள்? அப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று பொன்மணிக்குத் தெரியவே தெரியாது. உச்சிமாகாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. விலாசத்தை எவனோ வாங்கி ஆன்லைன் ரம்மி விளம்பரம் போட்டிருந்தான்.

பழைய லாக் ஃபைலைத் திறந்து பார்த்தான். அதில் எல்லாம் பத்திரமாக இருந்தது. பொன்மணி என்ற பெயர், வெர்ஷன், விலாசம், கைரேகை. இன்னது என்று அடையாளம் சொல்ல அத்தனையும் இருந்தது. சரக்கு மட்டும் இல்லை. செத்தவன் பெயர் ரேஷன் கார்டில் கிடப்பதைப் போல அந்த வரி கிடந்தது.

அருணின் லேப்டாப் இப்போது வாசுதேவநல்லூரில் சித்தப்பா மகனிடம் இருக்கிறது. உச்சிமாகாளி போன் போட்டான். "அதை அப்பவே ஃபார்மட் அடிச்சிட்டேனே" என்றான் அந்தப் பையன். அந்த எழுத்தை ஏற்றிய நாளில் ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரை அர்ஷத் எப்போதோ மாற்றிவிட்டார். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற சாப்ட்வேரைக் கார்டில் ஓட்டிப் பார்த்தான். டெங்குக் கொசு விளம்பரப் படம் இரண்டு கிடைத்தது. அந்த இடத்தின் மேலேயே புதுச் சரக்கு இறங்கிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

கூடத்தில் ஆட்கள் கத்த ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல், இலவசமாகக் கிடைக்கிற ஒரு தமிழ் எழுத்தை இறக்கி போர்டை எரியவிட்டான். அது நல்ல எழுத்து. உண்மையைச் சொன்னால், அருண் வரைந்ததைவிட உருண்டு திரண்டு அழகாகவே இருந்தது.

"அண்ணே, எழுத்து சூப்பரா இருக்கே" என்றாள் சண்முகசுந்தரி. சொல்லி முடித்த உடனே அவள் முகம் மாறியது. "ஐயோ, பொன்மணியம்மா? இந்த வாரம் மாத்திர முடியுமே, வந்துருவாங்களே."

உச்சிமாகாளி படி இறங்கினான்.

ஆபீசில் அர்ஷத் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. "அவுக பேருல இருக்கது நாலே நாலு எழுத்து. அதை மட்டும் பார்த்து வரைஞ்சிரலாம்லா?" என்றார்.

"எதைப் பார்த்து பாய் வரைய?"

போட்டோதான் ஒரே வழி. போர்டில் அருணின் எழுத்தை ஏற்றிய அன்றைக்கு, முதல் பெயராக பொன்மணி என்று ஓடவிட்டு, பெங்களூரில் இருந்த அருணுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்திருந்தான். அவன் எதையும் அழிக்காதவன் அல்லவா, அது இருந்தது. பொட்டு விளக்கு போர்டைப் போட்டோ எடுத்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு முழுசாகத் தெரிவது கேமராவில் வரி வரியாக அறுந்து விழும். பாதி வரிசை இருட்டாக இருந்தது. சண்முகசுந்தரி தன் செல்பி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவள் தலைக்குப் பின்னால் பொன்மணி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேறு வரிசைகள் அறுந்திருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த இடத்தை அப்படியே எடுத்து, இருண்ட இடத்தை ஞாபகத்தால் நிரப்பி, பொ, ன், ம, ணி என்று பொட்டுப் பொட்டாக வரைந்தான். வேறு வேலை எதையும் தொடவில்லை. பூக்கடைக்காரர்கள் பில் வரவில்லை என்று போன் மேல் போன் போட்டார்கள். அர்ஷத்தே பதில் சொல்லிச் சமாளித்தார்.

வரைந்து முடித்ததும் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தான். அதை அதே பெயரில், அதே வெர்ஷனில் கட்டி, பழைய லாக் ஃபைல் வரிக்கு நேராக நிறுத்திப் பார்த்தான். ரேகை சேரவில்லை, இது அது இல்லை என்று திரை சொல்லிவிட்டது. சேராது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நாலு எழுத்தை வரைந்துவிட்டு முழுச் சரக்கின் ரேகையோடு ஒப்பிட்டால் எப்படிச் சேரும்? அப்படியானால் ஏன் பார்த்தான் என்று கேட்டால், செத்துவிட்டது தெரிந்த பிறகும் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறோமே, அது ஏன்?

அருணின் வரியைப் பட்டியலிலிருந்து எடுத்தான். தன்னுடையதை, பொன்மணி பெயர் வரும்போது மட்டும் எரிகிற மாதிரி, வேறு பெயரில் சேர்த்தான். எடுத்த பிறகுதான் அழுகை வந்தது. பாடை தூக்கிய அன்றைக்கு வராத அழுகை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊளையிட்டு அழுதான். அர்ஷத் எழுந்து போய், கீழே ஜவுளிக்கடைக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பொன்மணி வெள்ளிக்கிழமை வந்தாள். உச்சிமாகாளி மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். போர்டில் யார் யார் பெயரோ புது எழுத்தில் வந்து போயின. அவள் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. சண்முகசுந்தரி அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு பட்டனை அமுக்கினாள். போர்டில் பொன்மணி எரிந்தது. மற்ற பெயர்களைப் போல இல்லை, பழைய எழுத்தாகத்தான் தெரிந்தது. அவன் கண்ணுக்கு அச்சு அசலாக அருணின் கைதான். இரண்டாவது தடவைக்கு சண்முகசுந்தரி விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தாள்.

பொன்மணி எழுந்துவிட்டாள். முதல் கூப்பாட்டிலேயே எழுந்து, யாரையும் பார்க்காமல் டாக்டர் அறைக்குள் போனாள்.

மாத்திரை வாங்க வெளியே வந்தவள் நேராக அவனிடம் வந்தாள். "இது நீ எழுதுனதா மக்கா?"

சொல்வதற்கென்று அவன் பொய் ஒன்று தயாராக வைத்திருந்தான். மெஷின் மாற்றினோம் அத்தை, கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும் என்று. வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"ஆமா அத்தை. அவன் எழுதுனது போயிருச்சு. இடம் பத்தலன்னு நாந்தான் அழிச்சேன். திரும்ப எடுத்துரலாம்னு நெனச்சேன், எடுக்க முடியல. என் கைத் தப்பு அத்தை."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அவன் எழுதுன ணி-ல, மேல வளைவுல, ஒரு புள்ளி எரியாது. பார்த்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. இரண்டு போட்டோவிலும் அந்த இடம் இருட்டாகத்தான் இருந்தது. கேமரா தின்ற இடம் என்று நினைத்து நிரப்பிவிட்டான்.

"பொங்கலுக்கு வந்திருந்தாம்லா, அப்போ எங்கூட இங்கன வந்து உக்காந்திருந்தான். ஏலே, எம்பேருல ஒரு பல்பு எரியலயேன்னேன். சிரிக்கான். பல்பு இல்லம்மா, நாந்தான் ஒரு புள்ளிய விட்டுட்டேன், ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வரும்போது போட்டுருதேன்னான்."

சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தபசுக்கு அவன் எங்க வந்தான்? சித்திரையிலயே போயிட்டான். நான் மாசாமாசம் வந்து பாப்பேன். ஒரு மட்டத்துல சரியா தெரியாது, ரெண்டு மட்டம் பாப்பேன். புள்ளி விழாமத்தான் இருக்கும். சரி, அவனுக்கு இன்னும் இங்கன ஒரு வேல பாக்கி கெடக்கு, முடிக்காம எங்க போயிருவான்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறுவேன். கிறுக்குத்தனந்தான். தெரியும். ஆனாலும் நெனப்பேன்."

"இப்பவே எடுத்துருதேன் அத்தை" என்று உச்சிமாகாளி எழுந்துவிட்டான். "ஒரு நிமிசம். அந்தப் புள்ளிய அணைச்சிருதேன், பழையபடி ஆயிரும்."

"வேண்டாம்." அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ அணைச்சா அது நீ அணைச்சதுலா மக்கா. எரியட்டும். நல்லாத்தான் இருக்கு, முழுசா இருக்கு."

பஸ் ஸ்டாண்ட் வரை அவளோடு நடந்தான். புளியங்குடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த மாதம் வரும்போது போன் போடுங்கள், வண்டியில் வந்து கூட்டிப் போகிறேன் என்றான்.

"அடுத்த மாசத்துலருந்து புளியங்குடியிலயே காட்டிக்கிடுதேன். முழங்கால் ஒத்துழைக்க மாட்டேங்கு, பஸ் ஏற முடியல" என்றாள். பிறகு ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். "அவன் வச்சுட்டுப் போன வேலைய நீ முடிச்சுக் குடுத்துட்ட. நல்லாயிரு மக்கா."

மனதார வாழ்த்தித்தான் சொன்னாள், குத்திக் காட்டவில்லை. காறித் துப்பியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். பஸ் போன பிறகும் கூட்டத்துக்கு நடுவே அங்கேயே நின்றான். பழைய எழுத்து எங்கேயும் இல்லை. அதைப் பார்க்க பஸ் ஏறி வந்துகொண்டிருந்த ஒரே ஆளும் இனி வர மாட்டாள்.